தலைக்கல்லும் நடுகல்லும்: இறுதியாண்டு ஆய்வேட்டைப் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

இறையியற் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணாக்கர் எழுதி முடிக்க வேண்டிய ஆய்வேட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது எத்தனை பக்கம் இருக்க வேண்டும், எந்நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், அடிக்குறிப்புகளை எம்முறையில் அமைக்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளே முதலிடம் பெறுகின்றன. இவை வீண் கேள்விகள் அல்ல. ஆயினும், ஓர் எழுத்துப்பணி எப்பொழுது முடிவடைந்தது என்று சொல்லத்தகும் என்னும் கேள்வி இம்மூன்றுக்கும் முந்தியது. அக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் ஜவ்வாது மலை. நூலகத்தில் நூல்கள் நிறைந்து கிடக்கும் பொருளைப் பற்றி எழுதுகையில் ஆய்வேட்டின் குறைகள் எளிதில் மறைந்துவிடும். நூல்கள் குறைந்த ஒரு நிலப்பகுதியைப் பற்றி எழுத முற்படும்போதுதான் அவை வெளிப்படும். அதுவே இக்களத்தைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பயிற்சிப் படிப்பை முடிக்கும் மாணவர் இறுதியில் ஒரு பெரிய எழுத்துப்பணியைத் தாமே திட்டமிட்டு எழுதி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அங்கு வழங்கும் பெயர் கட்டடத்தின் உச்சியில் வைக்கப்படும் கல்லின் பெயராகும். நம் திருமறையின் சொல்லால் கூறுவதாயின் அது ‘தலைக்கல்’. சகரியா 4ஆம் அதிகாரத்தில் செருபாபேல் கொண்டுவரும் கல்லை வாசகர் நினைவுகூர்வர். அங்கே அடித்தளம் இட்டவரின் கையே கட்டி முடிக்கும் என்பது வாக்குத்தத்தம். எழுத்தின் வரலாற்றில் அவ்வாறு நிகழ்வது அரிது. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர் என்பதே பெரும்பாலும் நாம் காண்பது.

முதலில் இவ்வடிவத்தின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகளாகப் பட்டம் பெறும் வழி எழுத்து அன்று, வாதம். மாணவர் சில கருத்துரைகளை முன்வைத்து, எதிர்ப்போருக்கு இலத்தீன் மொழியில் விடையிறுக்க வேண்டும். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளும் இவ்வாத மரபின் வடிவில் அமைந்தவையே. அச்சுக்கலை பரவியபின் இக்கருத்துரைகள் சிறு நூல்களாக வெளிவந்தன. அந்நூல்களைப் பல வேளைகளில் தலைமை தாங்கிய பேராசிரியரே எழுதினார் என்பதும், மாணவர் அவற்றுக்காக வாதாட மட்டுமே செய்தார் என்பதும் இன்றைய மாணாக்கருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு ஏக்கமும் அளிக்கலாம். மாணவர் தாமே ஆராய்ந்து புதிதாக ஒன்றைக் கூற வேண்டும் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், 1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தை ஒட்டி வலுப்பெற்றது. அங்கிருந்து அது கடல் கடந்து, 1861-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்களாயிற்று. ஆகவே நாம் தொன்மையானது என்று எண்ணும் ஆய்வேடு உண்மையில் 200 ஆண்டுகளே நிரம்பிய ஒரு வழக்கம்.

ஆனால் தமிழ்நாட்டில், தமிழரைப் பற்றி, தமிழரிடம் கேட்டறிந்து எழுதப்பட்ட ஆய்வு இதைவிட முந்தியது. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலே பல்கலைக்கழகப் படிப்பை நோயின் காரணமாக முடிக்காமலே விட்டவர். பட்டம் பெறாத அம்மனிதர் 1711-இல் தமிழரின் சமயத்தைப் பற்றி ஒரு பெருநூலும், 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவரிசையைப் பற்றி மற்றொரு நூலும் எழுதி முடித்தார். பின்னதன் கையெழுத்துப்படியை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேயில் பணியின் தலைவராயிருந்த பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை அகற்றச் சென்றவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவருடைய எண்ணம். விளைவு யாது? 1713-இல் எழுதப்பட்ட நூல் 1867-இல் வில்ஹெல்ம் ஜெர்மன் என்பவரால் சென்னையில் அச்சேறியது. இடையே 154 ஆண்டுகள். அப்போதும் அதில் பதிப்பாசிரியரின் சேர்க்கைகளும் மாற்றங்களும் கலந்திருந்தன. மூலப்படியை ஆராய்ந்த செம்பதிப்பு தானியேல் ஜெயராஜ் அவர்களின் முயற்சியால் 2003-இல் வெளிவந்தது. 1711-இல் எழுதப்பட்ட நூலோ 1926-இல் காலந்து என்னும் அறிஞரால் ஆம்ஸ்டர்டாமில் பதிப்பிக்கப்பட்டது.

பிராங்கேயின் முடிவைக் கண்டித்துப் பேசுவது இன்று எளிது. நம் ஆசிரியர் பலர் அவ்வாறே பேசி வருகின்றனர். நமக்கு இதில் அதைவிட முக்கியமானதாகத் தோன்றுவது வேறொன்று. 154 ஆண்டு தாமதத்தால் இழப்பு அடைந்தவர் யார்? ஐரோப்பிய வாசகரா? சீகன்பால்குக்குச் செய்தி சொன்ன தமிழர் தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்து ‘இது சரி, இது தவறு’ என்று கூறும் வாய்ப்பை ஒருபோதும் பெறவில்லை. நூல் உரிய காலத்தில் ஹாலேயில் அச்சாகியிருந்தாலும் அது ஜெர்மன் மொழியிலேயே இருந்திருக்கும். அவர்கள் படித்திருக்கப் போவதில்லை.

இதனினும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லரும் தமிழர் பலருக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்களிடமிருந்து தமிழில் கடிதங்களாக விடை பெற்றனர். கடவுள், படைப்பு, பாவம், சாதி, மருத்துவம், திருமணம் முதலான பல பொருள்களைப் பற்றிய அவ்விடைகளில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஹாலேயில் 1714-லும் 1717-லும் அச்சிடப்பட்டன. அக்கடிதங்களில் தயக்கமின்றிப் பேசும் குரல்களைக் காண்கிறோம்: கிறிஸ்தவரின் சமயம் நல்லதாயிருக்கலாம், ஆனால் கிறிஸ்தவரின் நடத்தை அதற்கு ஒவ்வாதது என்று முகத்துக்கு நேரே கூறும் குரல்கள். ஆயினும் எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. அவர்கள் எழுதிய தமிழ் மூலமும் நம் கைக்கு எட்டவில்லை. தமிழர் தமிழில் எழுதிய ஓர் ஆவணம் ஜெர்மன் மொழியில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

கடிதத்தை எழுதியவனுக்கும் பெயர் உண்டு என்பதை அப்போஸ்தலனாகிய பவுலின் கடிதங்களைப் படித்த நாம் அறிவோம். ரோமர் 16-இல் வாழ்த்துப் பெறுவோரின் நீண்ட பட்டியலுக்கிடையே, கேட்டு எழுதிய தெர்தியு தன் பெயரைத் தானே சொல்லி வாழ்த்துகிறான். எரேமியா 36-இல் சுருளை எழுதிய பாருக்கின் பெயர் மறைக்கப்படவில்லை. அரசன் அச்சுருளை எரித்தபின் மீண்டும் எழுதப்பட்டபோது அது முன்னிலும் விரிவாயிற்று என்பதையும் கவனிக்க. இத்தகைய மறைநூலைப் போதிக்கச் சென்றவர்கள் தமக்குச் செய்தி சொன்னவர்களின் பெயரை விட்டுவிட்டனர். தீய எண்ணத்தால் அன்று. ஹாலேயிலிருந்த வாசகருக்கு அப்பெயர்கள் தேவைப்படவில்லை; அவ்வளவே. யாருக்காக எழுதுகிறோம் என்பது எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

அதன்பின் நேர்ந்தவற்றை விரைந்து கடக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் வாதத்தின் இடத்தைத் தேர்வுத்தாள் பிடித்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டபின் முதலாவதாக நடந்த பி.ஏ. தேர்வில் தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனெரிமார் 1823-இல் தொடங்கிய செமினரியில் கற்றவர்கள். தாமோதரம்பிள்ளை தம் வாழ்நாளின் பெரும்பணியைத் தேர்வுக்காகச் செய்யவில்லை. 1887-இல் கலித்தொகையை அச்சிட்டபோது அவரிடம் மதிப்பெண் கேட்பார் எவருமில்லை. இறையியல் துறையில், 1818-இல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் தொடங்கிய சேரம்பூர்க் கல்லூரி 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றும், முதல் பி.டி. பட்டங்களை 1915-இல்தான் வழங்கியது. 1918-ஆம் ஆண்டின் சேரம்பூர்க் கல்லூரிச் சட்டம் பிற கல்லூரிகளையும் அதனோடு இணைக்க வழி செய்தது. எழுத்தின் மொழி நெடுங்காலம் ஆங்கிலமாகவே இருந்தது. 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி தோன்றித் தமிழில் இறையியலைக் கற்பிக்க முற்பட்டபோதுதான், ஒரு மாணவர் தம் ஆய்வேட்டைத் தமக்குச் செய்தி சொன்னவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதலாம் என்னும் நிலை உறுதிப்பட்டது. இதன் முழுப்பயனை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்றே கருதுகிறோம்.

இனி மலைக்குச் செல்வோம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. முன்னாளில் வட ஆற்காடு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டமும் 2019-இல் திருப்பத்தூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டபின், ஒரே மலை பல மாவட்ட அலுவலகங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. ஆவணம் தேடும் மாணவர் இதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். ஜமுனாமரத்தூர் மலைக்கு மையம். திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று மக்கள் தம் ஊர்த்தொகுதிகளை ‘நாடு’ என்றே அழைக்கின்றனர். சேயாறு இம்மலையில் தோன்றுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை இந்நிலப்பகுதியின் வழியேதான் ஆற்றுப்படுத்துகிறது. 583 அடிகளில் வழியிலுள்ள இடர்களையும், ஊர்தோறும் கிடைக்கும் உணவையும், யாரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் கூறும் அந்நூல் களப்பணி செய்யச் செல்வோருக்கு இன்றும் பயன்படும் என்றால் அது மிகையன்று. அடிவாரத்துத் திருப்பத்தூரில் 1921-இல் மருத்துவர்களான ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் திருச்சபை வரலாறு படித்தோர் அறிவர். அதன் ஆலயம் தமிழகக் கோயிற்கட்டட முறையில் அமைந்தது. ஆசிரமத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதன் பின்னணியில் தெரியும் மலையைப் பற்றி எழுதியோர் சிலரே.

மலைமேல் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் கண்டு மயங்கலாகாது. கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பொருள். பேசும் மொழி தமிழ். இவர்களுடைய தோற்றத்தைப் பற்றி ஆங்கில ஆட்சிக்காலத்து அலுவலர் குறித்துவைத்து, 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இடம்பெற்ற ஒரு கதை உண்டு.

சக ஆண்டு 1055-இல், அதாவது 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கங்குந்தியைச் சேர்ந்த வேடர் சிலர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினமுற்ற வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமச்சடங்கைச் செய்துவிடுங்கள் என்று தம் மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டு அக்கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி ஆறு நீந்தி, திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. ஆடவர் வேடரைக் கொன்று ஊர் திரும்பியபோது சடங்குகள் முடிந்திருந்தன. மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடிருந்தும் இறந்தோராக எண்ணப்பட்ட அவர்களுக்குச் சாதியில் இடமில்லை. வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறிப் பயிர் செய்து வாழ்ந்தனர். அவர்களின் வழிவந்தோரே இம்மலை மக்கள் என்பது கதை.

இறுதியாண்டு மாணவர் பலர் இத்தகைய கதையைக் கண்டவுடன் ‘மக்களின் தோற்றம்’ என்னும் தலைப்பில் இரண்டு பக்கம் எடுத்தெழுதி, அடிக்குறிப்பில் தர்ஸ்டன் பெயரைப் போட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுவர். அவ்வாறு போகலாகாது என்பதே நம் கட்சி. இதனை 12ஆம் நூற்றாண்டில் நடந்த நிகழ்ச்சியின் அறிக்கையாகக் கொள்வதற்கு இடமில்லை. ஆனால் இதைச் சொன்ன மக்கள் எதைத் தங்களைப் பற்றிய உண்மையாகக் கருதினார்கள் என்பதற்கு இது சான்று. சமவெளியின் உயர்ந்த குலத்தோடு தங்களுக்கு உறவு உண்டு. எனினும் அச்சமுதாயம் ஒரு சடங்கின் பெயரால் தங்களை உயிரோடு புதைத்துவிட்டது. உரிமைக்குரலும் மனக்குறையும் ஒரே கதையில் பிணைந்திருக்கின்றன. ‘இறந்தோர்’ என்று எழுதப்பட்டபின் உயிரோடு வந்து நின்றாலும் பயனில்லை என்பதை, எழுதப்பட்டதன் வலிமையைத் தம் வாழ்வில் உணர்ந்த மக்களே இவ்வாறு சொல்ல முடியும்.

அதேவேளை கதையில் பேசாதோரை எண்ணிப் பார்க்க வேண்டும். கவர்ந்து செல்லப்பட்ட ஏழு கன்னியர் மீட்கப்பட்டபின் என்னவாயினர்? கணவர் உயிரோடு வந்து வாசலில் நின்றபோது கைம்மை பூண்ட எழுவரும் என்ன கூறினர்? தம் குலத்தாரைக் கொன்றவர்களையே மணந்த வேடர்குலப் பெண்களின் எண்ணம் என்ன? இம்மலை மக்களுக்குத் தாய்வழி அவர்களே அல்லவா? 19ஆம் நூற்றாண்டு அலுவலருக்கு இக்கதையைச் சொன்னவர் யார் என்பதும் நூலில் இல்லை. ஆணா, பெண்ணா, நாட்டாரா, கூலியாளா? மலைமேல் சொன்னாரா, அடிவாரத்தில் அலுவலகத் திண்ணையில் நின்று சொன்னாரா? தரங்கம்பாடிக் கடிதங்களின் குறை இங்கும் தொடர்வதைக் காண்கிறோம். இடையே ஏறத்தாழ 200 ஆண்டுகள் சென்றும் முறை மாறவில்லை.

இதே நிலப்பகுதியில் வேறொரு எழுத்துமுறையும் இருந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல், செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் முதல் நடப்பட்ட வீரக்கற்களின் எழுத்துகளைத் தொகுத்தளித்தது. அண்மை ஆண்டுகளில் திருப்பத்தூர்த் தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்த்துறையினரும் ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் நடுகற்கள் பலவற்றைக் கண்டறிந்துள்ளனர். இவ்வட்டாரக் கற்களுள் புகழ்பெற்றது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காக்கும் போரில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக அது நடப்பட்டது. அரசன் யார், ஆண்டு எது, இறந்தவன் யாருடைய ஆள், எதற்காக இறந்தான் என்னும் செய்திகள் அனைத்தும் அதில் உள்ளன. அத்தோடு நிற்கவில்லை. அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது என்றும், அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. வீரனின் உருவத்தருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஒருபுறம் ஆற்றின் நடுவே திரும்பிப்போன பெயரற்ற ஏழு நாய்கள். மறுபுறம் தலைவனின் உடலருகே நின்ற கோவிவன். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் நகைப்பதோடு நின்றுவிடக்கூடாது. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி சில வரிகளில் ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதினான். 1909-ஆம் ஆண்டின் ஏழு தொகுதிகளில் கதை சொன்ன ஒரு மலைவாசியின் பெயருக்கு இடமில்லை. காரணம் வெளிப்படை. நடுகல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் நடுவே நடப்பட்டது. கருந்தேவக்கத்தியை அறிந்தவர்கள் நாள்தோறும் அதனைக் கடந்து சென்றனர். பெயர் தவறியிருந்தால் அன்றே ஒருவர் சொல்லியிருப்பார். தர்ஸ்டனின் நூலோ மலையிலிருந்தோர் காணாத இடத்தில், அவர்கள் படிக்காத மொழியில் வெளிவந்தது.

ஆயின் எல்லாப் பெயர்களையும் எழுதிவிட வேண்டுமா? இங்கு நாம் எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 பேரை அம்மாநிலச் சிறப்புக் காவற்படை சுட்டுக் கொன்றது. இறந்தோர் தமிழ்நாட்டவர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சாமையும் தினையும் விளையும் மலையில் ஆண்டு முழுவதும் கூலி கிடைப்பதில்லை. தரகர் அழைத்த இடத்துக்கு ஆட்கள் செல்கின்றனர். இம்மலையைப் பற்றி இன்று எழுதும் எவரும் அந்நாளைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசும் கைம்பெண் ஒருத்தியின் பெயரையும் ஊரையும் ஆய்வேட்டில் எழுதினால் அவளுக்குத் தீங்கு வருமா என்பதைச் சிந்திக்க வேண்டும். எனவே விதி இதுவாக இருக்கலாம்: பெயரை எழுதுவதும் மறைப்பதும் ஆய்வாளரின் வசதிக்கு விடப்பட்டதன்று, சொன்னவரின் விருப்பத்துக்கு உரியது. அவர் மறைக்கச் சொன்னால், மறைத்தோம் என்பதையும் காரணத்தையும் அவ்விடத்திலேயே எழுதுக. மறைத்தல் வேறு, மறத்தல் வேறு.

எழுதப்பட்ட சொல் இம்மக்களின் வாழ்வை எவ்வளவு ஆள்கிறது என்பதற்குப் பட்டியல் ஒன்றைச் சான்று காட்டலாம். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயரோடு மாவட்டங்களின் பெயர்களும் சேர்த்து எழுதப்பட்டன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோட்டுப் பக்கத்து மலைகளில் வாழும் அதே பெயரினர், தம் மாவட்டம் எழுதப்படாமையால் சான்றிதழுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு சொல் பல தலைமுறைப் பிள்ளைகளின் கல்வியைத் தடுக்க வல்லது. மாணவரின் ஆய்வேடு அரசுப் பட்டியல் அன்றுதான். ஆயினும் அடுத்து வரும் மாணவர் அதனை எடுத்தெழுதுவார். அவரைப் பார்த்து மற்றொருவர். பின்பு அது ‘எல்லாரும் அறிந்த செய்தி’ ஆகிவிடும்.

தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு என்று முன்னர்க் கூறினோம். அதற்கு இம்மலையிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. வானியல் அறிஞர் வைணு பாப்பு தம் வான்நோக்குக் கூடத்துக்கு ஜவ்வாது மலைக் காவலூரைத் தெரிந்துகொண்டார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்குப் பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனசு கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே செய்து முடிப்பது பாப்புவின் பெருநோக்கம். அவர் 1982 ஆகஸ்டில் காலமானார். தொலைநோக்கி முடிவுற்று 1986 ஜனவரி 6-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டபோது அதற்கு அவருடைய பெயரே இடப்பட்டது. தாம் இல்லாவிடினும் பிறர் தொடரத்தக்க முறையில் வரைபடங்களையும் கணக்குகளையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் அவர் விட்டுச் சென்றிருந்தார். நம் மாணாக்கரின் ஆய்வேடுகளில் இப்பண்பு அரிது. களக்குறிப்புகள், ஒலிப்பதிவுகள், கேட்ட கேள்விகளின் பட்டியல் ஆகியவை பட்டமளிப்பு விழாவோடு பெட்டிக்குள் போய் மறைகின்றன. அடுத்த மாணவர் முதலிலிருந்து தொடங்குகிறார். மலைமக்களும் அதே கேள்விகளுக்கு மீண்டும் விடை சொல்கின்றனர்.

இதற்கிடையே மலை மாறிவிட்டது. 2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பெண் உரிமையியல் நீதிபதிப் பதவிக்குரிய தேர்வில் தேர்ச்சி பெற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மகப்பேறு முடிந்த ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து அவர் அத்தேர்வை எழுதினார். இறுதியாண்டில் ஒப்படைக்கும் நாளை நீட்டித்துத் தருமாறு கேட்கும் மாணாக்கருக்கு இதைச் சொல்லிக்காட்ட நாம் விரும்பவில்லை. அவரவர் இடர் அவரவருக்கு. நாம் கருதுவது வேறு. தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க மாட்டார்கள் என்று எண்ணி எழுதும் காலம் போயிற்று. தர்ஸ்டனின் வாசகர் மலைக்கு வெளியே இருந்தனர். இன்று ஆய்வேட்டின் வாசகர் புலியூரிலும் புதூர்நாட்டிலும் இருக்கின்றனர். சட்டம் படித்தோரும் அவர்களுள் உளர்.

எனவே கல்லூரிகளுக்கு ஓர் ஏற்பாட்டை முன்வைக்கிறோம். ஆய்வேட்டின் முதல் முழுப்படியைத் தேர்வாளருக்கு அனுப்புமுன், யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களின் ஊரில் அதன் முக்கிய இயல்களை மாணவர் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவரும் கேட்டுத் திருத்தலாம். அவர்கள் கூறும் திருத்தங்களையும், ஒப்புக்கொள்ள முடியாதவற்றை மாணவர் ஏன் ஒப்பவில்லை என்பதையும் இறுதி இயலாகச் சேர்க்க வேண்டும். ஒரு படி கல்லூரி நூலகத்துக்கு. ஒரு படி அவ்வூரின் பள்ளிக்கோ சபைக்கோ. இதனால் செலவு கூடும், காலம் கூடும் என்போர் உண்டு. உண்மையே. நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மலையின் ஆண்டோ மழையோடும் விதைப்போடும் செல்கிறது. கல்லூரி விடுமுறையை நோக்கி வகுத்த களப்பணி, ஆட்கள் கூலிக்கு வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் போய் முட்டுவது இதனாலேயே. ஐந்து இயல்களுக்குப் பதில் மூன்று இயல்கள் எழுதினால் போதும் என்று விதியைத் தளர்த்துவது நூறு பக்க மேற்கோள்களைவிடப் பயன் தரும்.

ஏழு கைம்பெண்களைப் பற்றியும் வேடர்குலப் பெண்களைப் பற்றியும் மேலே எழுப்பிய கேள்விகளுக்குத் தர்ஸ்டனில் விடையில்லை. அவற்றைப் புதூர்நாட்டிலோ நெல்லிவாசலிலோ முதிய பெண்களிடம் தமிழிலேயே கேட்கலாம். சாமை அறுவடை முடிந்த நாட்களில் மாலையில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.